வயோமிங்கில் இரண்டு சம்பந்திகள்

1

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கொல்கத்தாவின் பெஹாலாவில் எனக்குப் பென்ஷன் வரும் வங்கியில் நின்றுகொண்டிருந்தேன். நவம்பர் வந்தால் என் போன்றவர்கள் உயிரோடு இருப்பதை நேரில் போய் நிரூபிக்க வேண்டும். கட்டைவிரலைக் கருவியில் வைத்தேன். பச்சை விளக்கு எரியவில்லை. துடைத்துவிட்டு வைத்தேன். இன்னொரு கையை வைத்தேன். வயசானால் ரேகை தேய்ந்துவிடும் மேஷோமொஷாய், உட்காருங்கள், கண்ணைப் பார்க்கிற கருவி மேனேஜர் அறையில் இருக்கிறது, அவர் வரட்டும் என்றாள் கவுண்டரில் இருந்த பெண். மேஷோமொஷாய் என்றால் பெரியப்பா. இந்த ஊரில் முன்பின் தெரியாதவர்கள்கூட என்னை ஏதாவது ஒரு உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

அப்படி உட்கார்ந்திருந்தபோது அமெரிக்காவிலிருந்து என் மகள் மீராவின் செய்தி வந்தது. முடிந்தது அப்பா என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. கீழே கோர்ட் உத்தரவின் நகல். அவளுக்கும் அவள் கணவன் அனிர்பனுக்கும் விவாகரத்து ஆகிவிட்டது. மனுதாரர் விரும்பினால் தன் பழைய பெயருக்குத் திரும்பலாம் என்று இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அந்தப் பழைய பெயரில் என் பெயரும் சேர்ந்திருக்கிறது. மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி அந்த வரியையே படித்துக்கொண்டிருந்தேன்.

தெரியாத விஷயமில்லை. ஓராண்டுக்கு மேலாக இதற்காகத்தான் காத்திருந்தோம். மேனேஜர் வந்தார். கருவியில் கண்ணைக் காட்டினேன். உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொண்டார்கள்.

சில நாள் கழித்து இதை எழுத உட்கார்ந்தேன். எழுத நினைத்தது விவாகரத்தைப் பற்றி அல்ல, சென்ற ஆண்டு செப்டம்பரில் நாங்கள் நான்கு பேர் வயோமிங் போய்வந்ததைப் பற்றி. இரண்டையும் பிரித்து எழுத எனக்கு வரவில்லை.

2

நான் விருதுநகர்க்காரன். இருபத்து நாலு வயதில் கார்டன் ரீச்சில் உள்ள ரயில்வே தலைமை அலுவலகத்தில் குமாஸ்தாவாக வந்து சேர்ந்தேன். இப்போது அறுபத்தாறு. நடுவில் போனதெல்லாம் இங்கேதான் போயிற்று. என் மனைவி வசந்தா இங்கேதான் நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் இறந்தாள். ஊரிலிருக்கும் நண்பர்கள், இன்னும் ஏன் அங்கேயே கிடக்கிறாய் என்று கேட்கிறார்கள். சாமான் கட்டுவதை நினைத்தாலே களைப்பாக இருக்கிறது என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் இல்லை.

எங்கள் தலைமுறையில் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு அமெரிக்கா என்றால் நியூயார்க் அல்ல. தமிழில் வந்த கௌபாய் காமிக்ஸ்தான் அமெரிக்கா. ஒரு புத்தகம் பத்துப் பேர் கை மாறி அட்டை கிழிந்து வரும். வாயில் சுருட்டு வைத்திருக்கும் வீரன், மதுக்கடையின் ஆடும் கதவு, பொட்டல் மலை, துரத்திவரும் குதிரைகள். எந்த ஊரை எழுதினாலும் வயோமிங், வயோமிங் என்று வரும். அது ஒரு மாநிலம் என்பதே எனக்கு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியும். அதைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் எப்போதோ விளையாட்டாகச் சொன்னேன். மீரா அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

மீரா கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில், தெருவில், தோழிகளோடு எல்லாம் வங்காளம். வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் தமிழ்தான் என்று நானும் வசந்தாவும் ஒரு விதி வைத்திருந்தோம். ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் பிள்ளையைக் கேலி செய்யக்கூடாது என்ற பயம். அவள் வங்காளத்தில் எதையாவது கேட்டால், தமிழ்ல சொல்லு என்போம். சொன்ன பிறகுதான் கொடுப்போம். வெளியாட்கள் இருந்தால் மட்டும் மரியாதைக்கு அவளோடு வங்காளம் பேசுவேன்.

ஆனாலும் அவள் தமிழ் எங்கள் தமிழாக வரவில்லை. வங்காளத்தில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல். அதனால் மீராவுக்கு இன்றைக்கு வரைக்கும் அவன், அவள் குழம்பும். மாமா வந்துட்டா என்பாள். டீச்சர் என்னைத் திட்டினான் என்பாள். அது பெண் டீச்சராக இருக்கும். நாங்கள் சிரிப்போம். திருத்துவோம். மறுபடி சொல்வாள்.

கல்லூரியில் கூடப்படித்த அனிர்பனைக் கல்யாணம் செய்துகொண்டு டென்வருக்குப் போனாள். அவன் அம்மா சுப்ரியா சான்யால் காளிகாட்டில் ஒரு பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வங்காளத்தில் ஆண் சம்பந்தியைப் பேயாய் என்றும் பெண் சம்பந்தியைப் பேயான் என்றும் கூப்பிடுவார்கள். கல்யாணத்தன்று அந்த அம்மாள் என்னைப் பேயாய் மொஷாய் என்று வாய் நிறையக் கூப்பிட்டபோது வசந்தா என் காதருகே வந்து, "என்னங்க, உங்களைப் பேய்ங்கிறாக, நீங்களும் சிரிச்சிக்கிட்டு நிக்கிறீக" என்றாள். அவளுக்குப் புரிய வைக்க இரண்டு நாள் ஆயிற்று.

எனக்கும் பேயானுக்கும் அதிகப் பழக்கம் இல்லை. துர்கா பூஜை முடிந்தால் நான் போவேன், பொங்கலுக்கு அவர் வருவார். பேசி முடித்த பிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்படிப்பட்ட எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் விசா நேர்முகம், ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இருக்கை. ஏன் வயோமிங் என்று கேட்ட அதிகாரியிடம் நான் கௌபாய் என்றேன். பின்னால் வந்த பேயான் வெந்நீர் ஊற்றுகள் என்று ஆரம்பித்து, அவை எப்படி உண்டாகின்றன என்று அவருக்குப் பாடமே எடுத்துவிட்டார். இரண்டு பேருக்கும் விசா கிடைத்தது.

3

டென்வரிலிருந்து வடக்கே காரில் கிளம்பினோம். அனிர்பன் ஓட்டினான். நான் அவன் பக்கத்தில். பின்னால் மீராவும் பேயானும். பேயான் செப்டம்பர் வெயிலிலேயே காதையும் கழுத்தையும் மூடுகிற குரங்குத் தொப்பி போட்டிருந்தார். மடியில் ஒரு டப்பா பொரி. வயோமிங் எல்லையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வெறும் புல்வெளி. வீடில்லை, மரமில்லை. காமிக்ஸில் ஒரு கட்டத்தில் வரைந்து முடித்துவிடுகிற நிலம் மணிக்கணக்காக வந்துகொண்டே இருந்தது. எனக்கு அலுப்புத் தட்டியது. பேயானுக்கு அலுக்கவில்லை. நாற்பது வருஷம் கரும்பலகையில் வரைந்த சமவெளி, பேயாய் மொஷாய், இவ்வளவு பெரிசு என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லவே இல்லையே என்றார்.

முதல் நாள் கெர்ன்சி என்ற சிற்றூரில் நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் கிழக்கிலிருந்து மேற்கே குடியேறப் போனவர்களின் மாட்டுவண்டிகள் அந்த ஒரே வழியாகப் போய்ப் போய்ப் பாறையில் தடம் பதிந்திருக்கிறது. தடம் என்றால் கோடு அல்ல. நான் இறங்கி நின்றால் மார்பு வரை வருகிற பள்ளம். சக்கரம் தேய்த்த பாறையைத் தொட்டுப் பார்த்தேன். அருகில் ஒரு குன்று முழுக்க அவர்கள் செதுக்கிவிட்டுப் போன பெயர்கள். பெயர், ஊர், தேதி. அதில் பலர் போய்ச் சேரவில்லை, காலராவில் வழியிலேயே செத்துப்போனார்கள் என்று பலகையில் போட்டிருந்தது. நாங்கள் கரக்பூர் வழியாக ஹவுரா வந்து இறங்கினோம், எங்கேயும் பெயர் எழுதவில்லை, ரிசர்வேஷன் சார்ட்டில் இருந்ததோடு சரி.

மறுநாள் பூர்வகுடிகளின் பகுதி வழியாகப் போனபோது பெட்ரோல் பங்க்கில் காபி வாங்க இறங்கினேன். கல்லாவில் இருந்த மனிதர் அந்த இனத்தவர். அறுபது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடி. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து, தனக்கும் அப்படித்தான், ஊசி போட்டால் ஆறு மாதம் தாங்குகிறது என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நான் படித்த காமிக்ஸில் இவர்கள் ஒரு பக்கத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. பத்து வயதில் அதைப் படித்துக் கைதட்டியவன் நான் என்பது அந்தக் காபி முடியும் வரை உறுத்திக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் உறுத்தியது. மீராவும் அனிர்பனும் ஒருவரிடம் ஒருவர் மிக மரியாதையாக இருந்தார்கள். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தால் நன்றி. கதவைப் பிடித்தால் நன்றி. வழியை மாற்றிப் போனதற்கு மன்னிப்பு. நானும் வசந்தாவும் முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட நன்றி சொல்லிக்கொண்டதில்லை. அமெரிக்கப் பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

4

மலையடிவாரத்தில் ஒரு பண்ணையில் தங்கினோம். மரத்தால் ஆன குடில்கள், குதிரை லாயம், வேலி. வந்தவர்களைக் குதிரையில் ஏற்றிக் கூட்டிப்போவதற்கு ஆள் உண்டு. நான் எதிர்பார்த்ததுபோல் சுருட்டும் மீசையுமாக யாரும் வரவில்லை. ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள், பெயர் டாலி. குளிர்காலத்தில் பல் வைத்தியரிடம் உதவியாளர் வேலை, மற்ற மாதங்களில் குதிரை. எனக்குக் கொடுத்த குதிரைக்குப் பிஸ்கட் என்று பெயர். ஒரு மேடையில் ஏற்றி, என் காலைப் பிடித்து அந்தப் பக்கம் போட்டாள். பிஸ்கட் அசையவே இல்லை. கரியாஹாட் நடைபாதைக் கடையில் இதற்கென்றே கால்சட்டை வாங்கிவந்திருந்த பேயான் எனக்கு முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பைன் மரங்களுக்கு நடுவே வரிசையாகப் போனோம். குதிரையின் முதுகு சூடு தொடையில் ஏறியது. தோல் வாடை, மண் வாடை. ஓர் ஏற்றத்தில் மரங்கள் விலகி எதிரே மலைத்தொடர் முழுசாகத் தெரிந்தது. உச்சியில் பனி. ஒரு கையால் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தொப்பியைச் சரிசெய்தேன். திரும்பிப் பார்த்த மீரா போட்டோ எடுத்தாள். நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பத்து நிமிஷம் இருக்கும்.

சாயங்காலம் மீரா என்னை வேலியோரம் நடக்கக் கூப்பிட்டாள். கொஞ்ச தூரத்தில், லாயத்துக்கு அந்தப் பக்கம், அனிர்பன் தன் அம்மாவோடு ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தான். மீரா வேலியில் சாய்ந்துகொண்டு அவர்கள் பக்கம் பார்த்தாள்.

"அப்பா, அவ இப்ப தனியா இருக்கா" என்றாள்.

பேயானைப் பார்த்துத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். மாமியாரை அவ என்கிறாளே, அவங்க என்று சொல்லித்தரவில்லையே என்று திருத்தக்கூட வாயெடுத்தேன். அதற்குப் பதிலாக, "ஆமாம்மா. காளிகாட்ல அவ்வளவு பெரிய வீட்ல ஒத்தையில. பாவந்தான்" என்றேன்.

"அவ இல்லப்பா. அனிர்பன். வேற அபார்ட்மென்ட். எட்டு மாசமா."

புரிய நேரம் பிடித்தது. டென்வர் வீட்டில் இரண்டு நாள் தங்கினோமே என்று கேட்டேன். நாங்கள் வருகிறோம் என்று அவன் திரும்பி வந்து இருந்தானாம். விசா, டிக்கெட் எல்லாம் அதற்கு முன்பே போட்டாகிவிட்டது. பேசி முடிவு செய்துதான் எங்களை அழைத்து வந்திருக்கிறார்கள். அதே நேரத்தில் அவன் தன் அம்மாவிடம் சொல்வது, இவள் என்னிடம் சொல்வது என்பதும் பேசி வைத்ததுதான்.

"இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் கூட்டியாந்தியா?"

"நீ பாக்கணும்னு சொன்ன. அம்மா இருக்கப்பவே சொன்ன. அதை கேன்சல் பண்ண மனசு வரல" என்றாள். பிறகு, "தப்பு என்மேலதான் பா" என்றாள்.

என்ன தப்பு என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தாள். நான் வந்து, அவன் வந்து, எனக்கு எப்படின்னா என்று மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் நின்றாள். சொல் கிடைக்கவில்லை. கை மட்டும் காற்றில் எதையோ பிசைந்தது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வங்காளத்தில் வேகமாகப் பேசத் தொடங்கினாள். இரண்டு வாக்கியம் போயிருக்கும்.

"தமிழ்ல சொல்லும்மா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. முப்பது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. மீரா நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லப்பா. விடு. குளிருது, உள்ள போலாம்" என்றாள். குடிலுக்குத் திரும்பும்போது என் கையைப் பிடித்து மெதுவாகத்தான் கூட்டிப்போனாள். தரை மேடு பள்ளமாக இருந்தது.

5

மறுநாள் ஆற்றில் ரப்பர் படகில் போக நான்கு பேருக்கும் இடம் பதிவு செய்திருந்தார்கள். காலைச் சாப்பாட்டின்போது யாரும் யாரையும் பார்க்கவில்லை. இதை விட்டுவிடலாம் என்றான் அனிர்பன். பேயான் ரொட்டியைக் கீழே வைத்தார். ஸ்நேக் ஆறு எங்கே உற்பத்தியாகி எங்கே கலக்கிறது என்று எத்தனையோ வருஷம் கேள்வித்தாளில் கேட்டிருக்கிறேன், நான் போகத்தான் போகிறேன், நீங்கள் இருங்கள் என்றார். அவரைத் தனியாக அனுப்ப முடியாது என்று நானும் எழுந்தேன். பிள்ளைகள் கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

நரைத்த குடுமி போட்ட ஒருவர் படகை நடத்தினார். கூட நான்கைந்து பயணிகள். முன்னால், பின்னால், வலது, இடது என்று அவர் கத்தக் கத்த நாங்கள் துடுப்புப் போட வேண்டும். தண்ணீரின் இரைச்சலில் எனக்கு வலது எது, இடது எது என்றே மறந்துபோயிற்று. பேயான் என் முதுகில் தட்டி, "சோறு தின்கிற கை, பேயாய் மொஷாய், சோறு தின்கிற கை" என்று வங்காளத்தில் கத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் படகு முழுசாகத் தூக்கிப் போட்டது. ஐஸ் தண்ணீர் முகத்தில் அறைந்தது. நான் துடுப்பை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இல்லை, அவர்தான் முதலில் பிடித்தாரோ என்னவோ.

அந்த இடத்தைத் தாண்டியதும் ஆறு அகன்று அமைதியாகிவிட்டது. மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பேயான் குரங்குத் தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார். பிழிந்துகொண்டே அழுதார். முகமெல்லாம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் வேறு யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் பேச்சு வங்காளத்தில்தான் நடந்தது. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"விடிய விடிய உங்களோடு சண்டை போடத் தயாராகிக்கொண்டிருந்தேன்" என்றார். "உங்கள் பெண்ணை என்னவெல்லாம் சொல்லலாம் என்று யோசித்தேன். ஒன்றும் தேறவில்லை. தப்பு முழுக்கத் தன்னுடையது என்று அனிர்பன் சொல்லிவிட்டான்."

"மீரா தன்னுடையது என்றாள்."

அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். "அப்படியென்றால் இரண்டில் ஒன்று பொய்."

"இரண்டுமே பொய்யாக இருக்கலாம்" என்றேன்.

"நாம் சண்டை போடக்கூட வழியில்லாமல் செய்துவிட்டார்கள்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மீரா உங்களிடம் என்ன காரணம் சொன்னாள் என்று கேட்டார். மறைக்க எனக்குத் தெம்பில்லை. அவள் திணறியதையும், வங்காளத்தில் பேசத் தொடங்கியதையும், நான் சொன்னதையும் சொன்னேன்.

அவர் மாணவிகளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "அழுகிற பெண்ணுக்குப் பரீட்சை வைத்தீர்களா?" என்றார்.

படகு கரைக்கு வந்தது. மீராவும் அனிர்பனும் காரில் அங்கே வந்து ஆளுக்கொரு துண்டோடு காத்திருந்தார்கள். மீரா பேயானுக்குத் தலை துவட்டினாள். அனிர்பன் எனக்கு ஷூவைக் கழற்றிவிட்டான். இன்னும் மூன்று நாள் வெந்நீர் ஊற்றுகள், அருவி, காட்டெருமைக் கூட்டம் எல்லாம் பார்த்தோம். பதிவு செய்தாயிற்று, பார்த்தோம். படங்களில் நால்வரும் சிரிக்கிறோம்.

6

திரும்பி வந்த பிறகு மீராவிடம் வாரம் ஒருமுறை பேசினேன். நல்லா இருக்கியாம்மா என்பேன். நல்லா இருக்கேன்பா என்பாள். சாப்பிட்டியா. சாப்பிட்டேன். பனி அதிகமா. அதிகம். அன்று வேலியோரம் விட்ட பேச்சை எங்கே பிடித்துத் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அவளாகச் சொல்வாள் என்று இருந்தேன். இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் கேட்போம் என்று தள்ளிப்போட்டே ஓராண்டு ஓடிவிட்டது.

கோர்ட் உத்தரவு வந்த மறுநாள், புதன்கிழமை, பஸ் பிடித்துக் காளிகாட்டுக்குப் போனேன். பேயான் தரையில் அரிவாள்மனையின் முன்னால் உட்கார்ந்து பூசணி நறுக்கிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. தெரியும், மீரா நேற்றே கூப்பிட்டாள், இரண்டு மணி நேரம் பேசினோம் என்றார்.

உங்களையா கூப்பிட்டாள் என்று கேட்டேன்.

ஞாயிறுதோறும் கூப்பிடுவாளே என்றார். அனிர்பன்தான் மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் அவசரமாக. மீரா அப்படியில்லை. உங்களுக்குத் தெரியாதா?

எனக்குத் தெரியாது. அதுமட்டுமில்லை, சென்ற குளிர்காலத்தில் மூன்று வாரம் அவள் வேலைக்கே போகவில்லை, படுக்கையைவிட்டு எழ முடியாமல் கிடந்தாள், பக்கத்து வீட்டுப் பெண் சூப் கொண்டுவந்து கொடுத்தாள் என்பதும் எனக்குத் தெரியாது. அந்த வாரங்களில் என்னிடம் பனி அதிகம், வீட்டிலிருந்தே வேலை என்று சொன்னாள். நான் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்" என்றார் பேயான். அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்தார். "தமிழில் தனக்குச் சின்னப் பிள்ளைப் பேச்சுதான் வரும் என்கிறாள். பசிக்குது, வலிக்குது, தூக்கம் வருது, அவ்வளவுதான். பெரியவள் ஆன பிறகு நடந்ததற்கெல்லாம் அவளிடம் தமிழ் இல்லை. அந்தத் தமிழில் உங்களிடம் அழுதால் குழந்தை அழுகிற மாதிரி இருக்கும், அப்பா பயந்துவிடுவார் என்றாள்."

டீ போட்டுக் கொடுத்தார். குடித்தேன். கிளம்பும்போது, பூசணியும் மீனும் போட்டுச் செய்ததை, ராத்திரிக்கு எடுத்துப்போங்கள் என்று ஒரு டப்பாவில் கொடுத்தார். கோர்ட் உத்தரவைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

சாயங்காலம் ஏழரை மணிக்கு, அங்கே காலை விடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, மீராவைக் கூப்பிட்டேன். சொல்லுப்பா என்றாள். நான் வங்காளத்தில் கேட்டேன். நாற்பத்திரண்டு வருஷமாக நான் பேசிய வங்காளம் ஆபீசுக்கும் மீன் சந்தைக்கும் ஆனது. மேலதிகாரியோடும் கடைக்காரரோடும் பேசியது. அதனால் வாய் தவறி, "ஆப்னி கேமொன் ஆச்சேன்?" என்று வந்துவிட்டது. தாங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று பெற்ற மகளிடம் கேட்டுவிட்டேன்.



"அப்பா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்றாள், தமிழில், குரலைத் தாழ்த்தி.

யாரும் இல்லை, நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று வங்காளத்தில் சொன்னேன். அன்றைக்கு வேலியோரம் நீ சொல்ல வந்ததைக் கேட்க வேண்டும் என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. சொல் கிடைக்கவில்லை. கிடைத்த சொல்லுக்கு வினை கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு ஆபீஸ் கடிதங்களில் எழுதுகிற சொல்தான் தெரிந்தது, அதையே போட்டேன். அவள் குறுக்கே பேசாமல் காத்திருந்தாள்.

முடித்ததும் சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. மகளை ஆப்னி என்று யாரும் சொல்லமாட்டார்கள் அப்பா, துயி என்று சொல் என்றாள்.

"துயி போல்" என்றேன். நீ சொல்.

சொன்னாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நடுநடுவே சில சொற்கள் எனக்குப் புரியவில்லை. கேட்டேன். நிறுத்தி, வேறு மாதிரி சொன்னாள்.